மௌனமாக நிற்கும் சாமானியன்

ஆசிரியருக்கு,

கேலிச்சித்திரங்கள் பற்றிய தங்கள் ஞாயிறு கட்டுரை, தலைவர்களைக் கிண்டலடிக்கும் படங்களைப் பற்றியே அதிகம் பேசியது. கேலிச்சித்திரக்காரர் ஆர்.கே.லட்சுமண் 1951 முதல் டைம்ஸ் ஆஃப் இந்தியா நாளிதழில் வரைந்த ‘சாமானியன்’ என்ற பாத்திரம் நிலைத்ததற்குக் காரணம் வேறு. வேட்டி, கட்டம்போட்ட கோட்டு, மூக்குக்கண்ணாடி. வாயே திறக்க மாட்டார். விலைவாசி, குண்டும் குழியுமான சாலை என்று நாம் தினம் படும் பாட்டின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். அந்த மௌனத்தில்தான் வாசகர் தன்னைக் காண்கிறார்.

எங்கள் தெரு டீக்கடையில் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பெரியவர் ஒருவர், தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஓடும் கூட்டத்தை வரைந்திருந்த படத்தைப் பக்கத்திலிருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம்தான் செய்திக்கே போனார். அப்படியொரு சின்னப் பெட்டிச் சித்திரத்தைத் தாங்களும் முதல் பக்கத்தில் தினமும் வெளியிடலாம். வாரம் ஒருநாளாவது உள்ளூர் இளைஞர்களை வரையச் சொல்லலாம்.

- வாசகர், திருச்சி