செயலாளர் ஆண்டறிக்கை 2025–26: ஃபேயும் ஃபுஜிகோவும் ரெஸேவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு நேரில் வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம். நமது அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) ரசிகர் மன்றம் 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை செய்த பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். இன்று வர இயலாதவர்களுக்கும் இதன் நகல் அனுப்பப்படும். அவர்கள் கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஜூன் மாதம் புதிய உறுப்பினர் சேர்க்கை நடந்தது. ஆகஸ்டில் ஓவியப் பயிற்சி. தீபாவளிக்கு முன்பு, பாத்திரங்களைப் போல் வேடமிடும் காஸ்பிளே நாள், நல்ல கூட்டம். டிசம்பரில் மாங்கா (ஜப்பானியப் படக்கதை) பரிமாற்றம். செயற்குழு விதிப்படி கூடியது.

இனி, இந்த ஆண்டு முழுவதும் மன்றம் எடுத்துச் செய்த தனித் திட்டத்துக்கு வருகிறேன். “அனிமேயின் ஃபெம் ஃபேட்டல் பாத்திரங்கள்: ஏன் சிலர் மட்டும் மனதில் நிற்கிறார்கள்?” என்ற தலைப்பில் தொடர் திரையிடலும் உரையாடலும் நடத்த வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் நான்தான் முன்மொழிந்தேன். அப்போதே மறுப்பு வந்தது. “புதுசா வர்ற ஷோனன் (சிறுவர்களுக்கான சாகச) தொடர்களைப் போட்டால் கூட்டம் வரும், இதற்கு யார் வருவார்கள்?” என்றார் ஒருவர். “குட்டைப் பாவாடைப் பொம்பளைகளைப் பற்றி ஒரு வருஷம் பேசணுமா?” என்றார் இன்னொருவர். இரண்டாவது கேள்விக்கு அன்று பதில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. இந்த அறிக்கையில் சொல்லிவிடுகிறேன்.

ஃபெம் ஃபேட்டல், அதாவது ஆணை மயக்கிக் குழியில் தள்ளும் பெண், என்பது பழைய அச்சு. 1940களின் அமெரிக்க நுவார் (இருள் சூழ்ந்த குற்றக்கதை) படங்கள் அதைக் கெட்டிப்படுத்தின. ஆனால் அன்றைய ஹாலிவுட்டுக்குத் தணிக்கை விதி ஒன்று இருந்தது. குற்றம் செய்தவர் தண்டனை இல்லாமல் தப்பக்கூடாது. அதனால் அந்தப் பெண்கள் கடைசி ரீலில் சுடப்பட்டோ சிறைக்குப் போயோ ஒழிய வேண்டியிருந்தது. ஜப்பானிய மாங்காவுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. 1967இல் மங்கி பஞ்ச் ‘லூபன் த தேர்ட்’ மாங்காவைத் தொடங்கினார். அதில் வரும் திருடி ஃபுஜிகோ மினே, நாயகனான திருடன் லூபனை ஏமாற்றுகிறாள், கொள்ளையடித்ததைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள், அடுத்த கதையில் மறுபடி வந்து நிற்கிறாள். அரை நூற்றாண்டு தாண்டியும் அவளுக்குத் தண்டனை வரவில்லை. நம் தொடரை அவளிடமிருந்து தொடங்கியது அதனால்தான்.

முதல் திரையிடல் 1979இல் வந்த ‘காக்லியோஸ்ட்ரோ கோட்டை’. மியாசாகி இயக்கிய முதல் முழுநீளத் திரைப்படம். அதில் ஃபுஜிகோ யாரையும் மயக்குவதே இல்லை. கோட்டைக்குள் பணிப்பெண் வேடத்தில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். லூபனோடு உறவு இருந்ததா, அவன் கைவிட்டானா என்று இளவரசி கேட்கும்போது, இல்லை, நான்தான் அவனை விட்டேன் என்கிறாள். கடைசியில் கள்ள நோட்டு அச்சுத் தகடுகளோடு மோட்டார் சைக்கிளில் போய்விடுகிறாள். படத்தில் அவளுக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். ஆனாலும் கோட்டைக்குள் வந்தவர்களில் வந்த காரியத்தைக் கச்சிதமாக முடித்துக்கொண்டு போனவள் அவள்தான். அவளுக்கென்று ஒரு நோக்கம் இருக்கிறது, அது லூபனைச் சுற்றியது அல்ல. ஆண்டு முழுவதும் நாங்கள் பேசிய எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

அடுத்து 2012இல் வந்த ‘ஃபுஜிகோ மினே என்ற பெண்’ தொடர், 13 எபிசோட். சாயோ யமமோட்டோ இயக்கம், மாரி ஒகாடா திரைக்கதை, மியுகி சவாஷிரோ குரல். லூபன் தொலைக்காட்சித் தொடர் ஒன்றை ஒரு பெண் இயக்கியது அதுவே முதல் முறை. இதை 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்று அறிவித்து, வாசலில் அடையாள அட்டை பார்த்தே உள்ளே விட்டோம். அப்படியிருந்தும் மன்றம் சின்னப் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. அந்தப் பேச்சைக் கிளப்பியவர்கள் அன்று அரங்கத்துக்கு வரவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

அந்தத் தொடர் நம் எதிர்பார்ப்போடு விளையாடுகிறது. ஆந்தைத் தலை மனிதர்கள், சின்ன வயதுக் கொடுமையின் துண்டு துண்டான நினைவுகள் என்று காட்டிக்கொண்டே வருகிறது. சரி, இந்தக் காயத்தால்தான் இவள் திருடியானாள் என்று பார்க்கிறவர் மனம் ஒரு முடிவுக்கு வந்துவிடும். கடைசியில் பார்த்தால் அந்த நினைவுகள் ஃபுஜிகோவுடையவையே அல்ல. ஆய்ஷா என்ற வேறொரு பெண்ணுடையவை. இவள் மனதில் திணிக்கப்பட்டவை. ஃபுஜிகோ அதற்கு முன்பும் திருடிதான், தன் விருப்பத்தால். கெட்ட பெண் என்றால் அவளுக்கு ஒரு சோகக் கதை எழுதி மன்னித்துவிடும் சோம்பேறித்தனம் கதைக்காரர்களிடம் நிறைய உண்டு. இந்தத் தொடர் அந்த மன்னிப்பைத் தூக்கி எறிகிறது. என்னைப் பொறுத்தவரை ஃபுஜிகோவைப் பற்றிச் சொல்லப்பட்டதில் மிக நேர்மையானது இதுவே.

மூன்றாவது திரையிடலுக்கு மண்டபம் கிடைக்காமல் போனதையும் சொல்ல வேண்டும். முன்பணம் கட்டி ரசீதும் வாங்கியிருந்தோம். ‘கௌபாய் பீபாப்’ தொடரின் ஃபே வாலண்டைன் படம் போட்ட சுவரொட்டியைப் பார்த்த மண்டப நிர்வாகம், இரண்டு நாள் முன்பு, “இந்த மாதிரி நிகழ்ச்சிக்குத் தருவதில்லை” என்று சொல்லிவிட்டது. முன்பணம் முழுதாகத் திரும்ப வரவில்லை. கடைசியில் உறுப்பினர் ஒருவரின் வீட்டு மொட்டை மாடியில், வெள்ளை வேட்டியை இரண்டு தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே கட்டித் திரையிட்டோம். அந்த வீட்டாருக்கு மன்றம் கடமைப்பட்டிருக்கிறது.

‘கௌபாய் பீபாப்’ 1998இல் வந்தது. விண்கப்பலில் திரியும் ஸ்பைக், ஜெட் என்ற பரிசு வேட்டைக்காரர்களோடு ஃபே வந்து சேரும் கதை. சன்ரைஸ் தயாரிப்பு, 26 எபிசோட், இயக்கம் ஷினிச்சிரோ வதனபே. தொடரின் கதையமைப்பைப் பார்த்துக்கொண்டவர் கெய்கோ நொபுமோட்டோ. 2021 டிசம்பரில் காலமானார். ஃபேவுக்குக் குரல் மெகுமி ஹயாஷிபரா. ‘எவாஞ்சலியன்’ தொடரில் வரும் ரெய் என்ற பெண்ணின் உணர்ச்சியற்ற குரலும் இவருடையதே என்று தெரிந்தபோது புதிய உறுப்பினர்கள் நம்பவே மறுத்தார்கள்.

ஃபே அறிமுகமாகும்போது அச்சில் வார்த்த ஃபெம் ஃபேட்டல்தான். சூதாட்ட விடுதி, சிகரெட், துப்பாக்கி, பொய். கப்பலில் இடம் கொடுத்தவர்களின் பணத்தையும் எடுத்துக்கொண்டு போகிறவள். அப்புறம் தொடர் அவளை மெல்லத் திறக்கிறது. விபத்துக்குப் பின் 54 ஆண்டுகள் உறைநிலையில் கிடந்து கண் விழித்தவள் அவள். பெயரைத் தவிர ஒன்றும் நினைவில்லை, தலைமேல் மலையளவு மருத்துவக் கடன். அன்பு காட்டிய வழக்கறிஞர் ஒருவன் செத்தது போல் நடித்து, தன் கடனையும் அவள் தலையில் கட்டிவிட்டு ஓடினான். ஏமாற்றுவதை அவள் கற்றது ஏமாந்து.

ஒருநாள் ஒரு பழைய பீட்டாமேக்ஸ் வீடியோ நாடா தபாலில் வருகிறது. அதைப் போட்டுப் பார்க்கும் கருவி தேடி ஸ்பைக்கும் ஜெட்டும் பூமிக்கே போகிறார்கள். நாடாவில் சிறுமி ஃபே, எதிர்காலத்தில் இருக்கும் தன்னையே பார்த்து உற்சாகக் குரல் கொடுக்கிறாள். பெரியவளான ஃபேக்கு அந்தச் சிறுமி யாரென்றே நினைவில்லை. அந்த நாடாவில் தெரியும் சிங்க முகமும் மீன் உடலும் கொண்ட நீரூற்று சிங்கப்பூரின் மெர்லயன். 24ஆம் எபிசோடில் அவள் அந்த இடத்துக்கே போகிறாள். அவளோடு படித்த தோழி கிழவியாகச் சக்கர நாற்காலியில் வருகிறாள். ஃபேக்கு மட்டும் வயது ஏறவில்லை. பிறகு கப்பலில் குளித்துக்கொண்டிருக்கும்போது நினைவு ஒரேயடியாகத் திரும்புகிறது. மேட்டில் ஏறி வீட்டுக்கு ஓடுகிறாள். அங்கே வீடு இல்லை, இடிபாடு மட்டும். ஒரு குச்சியை எடுத்து, தன் கட்டில் இருந்த இடத்தை மண்ணில் நான்கு கோடுகளாக வரைந்து, அதற்குள் படுத்துக்கொள்கிறாள்.

இந்தக் காட்சிக்காகத்தான் இந்தத் திட்டத்தையே முன்மொழிந்தேன் என்று சொன்னால் மிகையில்லை. அறிமுகமான எபிசோடிலிருந்து அவள் எப்போதும் யாரோ ஒருவர் பார்ப்பதற்காகவே அசைந்தவள். நிற்பது, நடப்பது, கால் மேல் கால் போட்டு உட்கார்வது எல்லாம் எதிரில் இருப்பவனுக்காக. மண்ணில் கோடு போடும்போது எதிரில் யாரும் இல்லை. யாரும் பார்க்காத நேரத்தில் அவள் என்ன செய்கிறாள் என்று காட்டத் துணிந்த கதைதான் நம்மோடு தங்குகிறது. எத்தனையோ தொடர்களில் எத்தனையோ அழகிகள் நாயகனைக் காட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் தனியாக இருக்கும் ஒரு காட்சியாவது நமக்கு நினைவிருக்கிறதா? பலருக்கு அப்படியொரு காட்சி எழுதப்படவே இல்லை.

அன்று மாடியில் படம் முடிந்ததும் யாரும் உடனே பேசவில்லை. பிறகு, கூட்டங்களில் வாயே திறக்காத ஓர் உறுப்பினர் பேசினார். சாலை விரிவாக்கத்தில் அவருடைய பாட்டி வீடு இடிபட்டதாம். அந்த இடத்தில் போய் நின்று, அடுப்பு எங்கே இருந்தது, ஊஞ்சல் எங்கே தொங்கியது என்று காலடி வைத்து அளந்து பார்த்தாராம். “அதை ஏன் செஞ்சேன்னு எனக்கே தெரியாம இருந்துச்சு” என்றார். குட்டைப் பாவாடையைப் பற்றிக் கேட்டவருக்கு என் பதில் இதுதான். அவர் அன்று மாடிக்கு வந்திருக்கலாம்.

அதே தொடரில் ஸ்பைக்கின் பழைய காதலியாக வரும் ஜூலியாதான் உண்மையான ஃபெம் ஃபேட்டல் என்று துணைச் செயலாளர் வாதிட்டார். இரண்டு ஆண்கள் மோதிக்கொள்ளக் காரணம் அவள்தான், உண்மை. ஆனால் தொடரின் பெரும்பகுதியில் அவள் ஸ்பைக்கின் நினைவில் வருகிறாள். ஸ்பைக் பார்த்ததையே நாமும் பார்க்கிறோம். ஜூலியாவை நினைத்தால் எனக்கு ஸ்பைக்கின் முகம்தான் வருகிறது. ஃபேவை நினைத்தால் ஃபேதான் வருகிறாள். இதில் துணைச் செயலாளருக்கு உடன்பாடில்லை. இந்த உரையாடல்களைத் தொகுத்து நாம் கொண்டுவரவிருக்கும் மலரில் அவருடைய கருத்தும் அப்படியே அச்சாகும்.

நான்காவதாக ‘செயின்சா மேன்’. தட்சுகி ஃபுஜிமோட்டோவின் மாங்காவிலிருந்து 2025 செப்டம்பரில் ஜப்பானில் வெளியான, ரெஸே என்ற பெண்ணைச் சுற்றிய படத்தைப் பற்றிய உரையாடல் இது. இன்னும் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.

இளைஞர்கள் அதிகம் வந்த கூட்டம் இது. பெரும்பாலோர், நாயகன் டென்ஜியை ஆட்டிவைக்கும் மேலதிகாரி மக்கிமாவின் பக்கம். மக்கிமா பயமுறுத்துகிறாள், ஒப்புக்கொள்கிறேன். டென்ஜியோடு ஒரு நாள் முழுக்கத் தியேட்டர் தியேட்டராகப் படம் பார்த்து, கடைசிப் படத்தில் ஒரு அணைப்புக் காட்சிக்கு அவள் கண்ணீர் விடும் இடத்தை யாரும் மறக்க முடியாது. ஆனால் நெஞ்சில் தைப்பவள் ரெஸே. மழையில் தொலைபேசிக் கூண்டுக்குள் அறிமுகமாகி, இரவில் பள்ளி நீச்சல் குளத்தில் டென்ஜிக்கு நீச்சல் கற்றுக்கொடுத்து, திருவிழா இரவில் முத்தமிட்டபடியே அவன் நாக்கைக் கடித்துத் துண்டிக்கிறாள். அவன் இதயத்தைப் பறிக்க அனுப்பப்பட்ட சோவியத் உளவாளி அவள். இதுவரை எல்லாம் வழக்கமான கதை. சண்டை முடிந்ததும், ஓடிப்போகலாம், காஃபே கடையில் காத்திருக்கிறேன் என்கிறான் டென்ஜி. அவள் தப்பிப் போக ரயில் நிலையத்துக்கு வந்துவிடுகிறாள். அப்புறம் ரயில் ஏறாமல் திரும்பி நடக்கிறாள். கடைக்குப் பக்கத்துச் சந்தில் மக்கிமா காத்திருக்கிறாள். பள்ளிக்கூடமே போகாத டென்ஜியைப் பார்த்து அதிசயப்பட்டவள், உண்மையில் நானும் பள்ளிக்கூடம் போனதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு விழுகிறாள். கடைக்குள் பூங்கொத்தோடு உட்கார்ந்திருப்பவனுக்கு இது கடைசி வரை தெரியாது. நமக்கு மட்டும் தெரியும். அவள் சொன்ன பொய்களுக்கு நடுவே எது உண்மை என்பதை நாயகனுக்குச் சொல்லாமல் பார்வையாளருக்கு மட்டும் சொல்லும் இந்த ஏற்பாடு, ஃபேயின் மண் கோட்டுக்குச் சமமானது.

இந்த உரையாடல்களைத் தொகுத்து ஒரு சிறு மலராகக் கொண்டுவருவதாக அறிவித்திருந்தோம். கட்டுரைகள் தயார், அட்டை ஓவியமும் தயார். அச்சகத்துக்குக் கட்டப் பணம் இல்லாததால் நிற்கிறது.

இதைத் தொட்டு வரவு செலவுக்கு வருகிறேன். விவரமான கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் மண்டப வாடகை, புரொஜக்டர் பழுது, காஸ்பிளே நாள் செலவு ஆகியவை போக, கையிருப்பு சென்ற ஆண்டை விடக் குறைவு. வரவு குறைந்ததற்குச் சந்தா நிலுவையே முக்கியக் காரணம். பாதிக்கு மேற்பட்டோர் ஆண்டுச் சந்தாவைக் கட்டவில்லை. இரண்டு ஆண்டு நிலுவை உள்ளவர்களும் இருக்கிறார்கள். காஸ்பிளே நாளில் முன்வரிசையில் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டவர்களில் பலர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். பெயர்களைப் பொதுக்குழுவில் வாசிக்கலாம் என்று செயற்குழுவில் ஒரு யோசனை வந்தது. நான் தடுத்தேன். சந்தா என்பது இங்கே ஒரு சினிமா டிக்கெட்டும் பாப்கார்னும் வாங்கும் காசுதான். முடியாதவர்கள் என்னிடம் தனியாகச் சொன்னால் தவணையில் கட்டலாம், யாருக்கும் தெரியவேண்டியதில்லை. இருந்தும் கட்டாதவர்களிடம்தான் என் வருத்தம்.

வருகையும் அப்படித்தான். வாட்ஸாப் குழுவில் “கண்டிப்பா வரேன்” என்று கட்டைவிரல் காட்டியவர்களை நம்பி நாற்காலி எடுத்தோம். வந்தவர்களை விட நாற்காலிகள் அதிகம். வந்தவர்கள் மட்டும் கடைசி வரை இருந்து பேசினார்கள், சண்டை போட்டார்கள், அடுத்த மாதமும் வந்தார்கள். இந்தத் திட்டம் தோல்வி என்று சொல்பவர்கள் அவர்களிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: தலைவர், பொருளாளர், துணைச் செயலாளர், புளூரே தட்டுகளைக் கொடுத்து உதவியவர்கள், மாடி கொடுத்த குடும்பம், தேநீர் கொடுத்த கடைக்காரர் அண்ணன், கணக்கைச் சரிபார்த்துத் தந்த தணிக்கையாளர்.

அடுத்த ஆண்டுக்கு ‘கேலக்ஸி எக்ஸ்பிரஸ் 999’ மேட்டலை எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். கறுப்பு உடையில், தாயின் சாயலில் வந்து, ஒரு சிறுவனை விண்வெளி ரயிலேற்றி அவனுடைய அழிவை நோக்கியே அழைத்துப் போகிறவள். வழி முழுக்க அவனைக் காப்பவளும் அவளே. மயக்கமும் தாய்மையும் ஒரே முகத்தில் வந்த பாத்திரம் அவளைப் போல் இன்னொன்று எனக்குத் தெரியாது. அவளைப் படைத்த லெய்ஜி மட்சுமோட்டோ 2023இல் மறைந்தபோதே நாம் இதைச் செய்திருக்க வேண்டும். தொலைக்காட்சித் தொடரின் 113 எபிசோடையும் போட முடியாது. ரின்டாரோ இயக்கிய 1979ஆம் ஆண்டுத் திரைப்படத்தை மட்டும் போட்டு, இரண்டு கூட்டம் பேசலாம். அதற்கும் ஒரு நல்ல மண்டபம் வேண்டும், மலரும் அச்சாக வேண்டும். ஜூன் 30க்குள் நிலுவைச் சந்தா வந்து சேர்ந்தால் இரண்டும் நடக்கும். வராவிட்டால் நடத்துவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. செயலாளர் பொறுப்பில் தொடர்வதா என்பதையும் அப்போது பார்த்து முடிவு செய்வேன். இந்தப் பொறுப்பை ஏற்க விருப்பமுள்ள இளையவர்கள் இருந்தால் இன்றே பெயர் கொடுக்கலாம், கூடவே இருந்து கற்றுக்கொடுக்கத் தயார்.

சந்தா வசூல் நோட்டு பொருளாளரின் மேசையில் திறந்தே இருக்கிறது. இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்