13-ஆம் இடம் என்றால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துடுப்புப் படகு வீரர் தத்து போகனல் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நாசிக் மாவட்டத்தில் வறண்ட ஊர், கிணறு வெட்டிய குடும்பம், 2011-இல் அப்பா இறந்தது, மறு ஆண்டு ராணுவத்தில் சேர்ந்தது எல்லாம் உருக்கமாக வந்திருக்கிறது. படகில் ஏறிய பிறகு என்ன செய்தார் என்பதுதான் நாலு வரியில் முடிந்துவிட்டது.

'2016 ரியோ ஒலிம்பிக்கில் 13-ஆம் இடம்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். படிக்கிறவர் அவ்வளவுதானா என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். காலிறுதியில் முதல் மூவருக்குத்தான் பதக்கப் பக்கம் வழி. தத்து நான்காவதாக வந்தார். முதல் பன்னிரண்டு இடங்கள் ஏ, பி என்ற இரண்டு இறுதிச் சுற்றுகளுக்குப் போய்விடும். மூன்றாவதான சி இறுதியில் இறங்கிய தத்து, அதில் எல்லாரையும் முந்தி முதலில் வந்தார். அந்த 13 இதுதான். போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முன்னும் பின்னும் நழுவுகிற இருக்கையில் காலை உந்தி உந்தி, இரண்டு துடுப்போடு தனியாளாக 2,000 மீட்டர். கிட்டத்தட்ட ஏழு நிமிடம் மூச்சு வாங்கவிடாது. ராணுவத்துக்குப் போன பிறகு புனேயில் துடுப்பைத் தொட்டவர் இவர்! ரியோ போன ஒரே இந்தியத் துடுப்பு வீரரும் இவர்தான்.

2018 ஆசிய விளையாட்டில் நால்வர் படகில் தங்கம் வென்றதைச் சொல்லியிருக்கிறீர்கள், சரி. அதற்கு முந்தின நாள்தான் இந்தோனேசியாவின் பலெம்பாங்கில் உடம்பு முடியாமல் ஒற்றையர் இறுதியில் இறங்கிக் கடைசியாக வந்தார். மறுநாள் சவர்ண் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங்கோடு உட்கார்ந்து அதே தண்ணீரில் ஜெயித்தார். இந்த இரண்டு நாளை மட்டுமே வைத்து ஒரு பக்கம் எழுதலாம்.

அப்புறம், தடை பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே? அந்த ஒற்றையர் போட்டியைப் பாதியில் நிறுத்தினார் என்று துடுப்புப் படகு சம்மேளனம் 2019-இல் இரண்டு ஆண்டு தடை போட்டது. முடியாமல் படகிலிருந்து விழுந்தேன் என்றார் அவர். 2020 ஜனவரியில் தடை நீங்கியது. அதே ஆண்டு அர்ஜுனா விருதும் வந்தது. ஒலிம்பிக்குக்குத் தயாராக வேண்டிய நேரத்தில் பல மாதங்கள் போயே போய்விட்டன. டோக்கியோவுக்குப் போனது அர்ஜுன் லால் ஜாட், அர்விந்த் சிங் ஜோடி. தத்து அங்கே இல்லை.

அவரைப் பேட்டி கண்டால் அந்த மாதங்களை எப்படிக் கழித்தார் என்று கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நாமக்கல்