இரைச்சலை எடுக்காதே

அன்புள்ள கண்ணாவுக்கு,

நான் அனுப்பிய பீட்டில்ஸ் கேசட்டுகளும் இசைத்தட்டுகளும் இருக்கும் பெட்டி வந்து சேர்ந்துவிட்டதாக அத்தை சொன்னாள். புது முகவரியையும் அவள்தான் தந்தாள். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. நீ அனுப்பிய அந்த ஃபைலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பிபிசி கேசட்டின் முதல் பக்கம், கூடவே "க்ளீன் பண்ணிட்டேன்மா" என்று ஒரே வரி. ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டேன். ஹிஸ், அதாவது டேப்பின் 'ஸ்ஸ்' இரைச்சல், போயிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் டிரம்மர் ரிங்கோவின் சிம்பலும் (பித்தளைத் தாளம்) சேர்ந்து போயிருக்கிறது. ஹை-ஹேட் என்ற அந்த ஜோடி சிம்பல் விழும் இடத்திலெல்லாம் தண்ணீருக்கடியில் குமிழி விடுவதுபோல் ஒரு சத்தம் வருகிறதே, உன் காதிலா அது விழவில்லை? 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' ஸ்டீரியோ மிக்ஸில் கடைசிப் பகுதியில் ஜான் லெனன் வார்த்தையைத் தவறவிட்டு, அடுத்த வரியைச் சிரிப்போடு பாடுவதை யாரும் சொல்லாமலே சின்ன வயதில் பிடித்த காது அது. ஏதோ அவசரத்தில் செய்திருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

டேப்பின் ஹிஸ் காதை உறுத்துவது மேல் அலைவரிசைகளில். சிம்பலின் பளபளப்பு, 'ஸ' என்று உச்சரிக்கும்போது வரும் காற்று, கிதார் கம்பியில் விரல் உராய்வது எல்லாம் இருப்பதும் அங்கேதான். எது டேப்பின் சத்தம், எது சிம்பலின் சத்தம் என்று அந்த மென்பொருள் ஊகித்துத்தான் வெட்டுகிறது. ஊகம் தப்பிய இடமெல்லாம் குமிழி. அதனால் முதலிலேயே சொல்கிறேன், கீழேயும் சொல்வேன்: டேப்பில் இருப்பதை இருக்கிறபடி ஒரு முறை கம்ப்யூட்டரில் பதிந்து வை. ஃபில்டர் வேண்டாம், ஈக்வலைசர் வேண்டாம். சுத்தம் செய்யத்தான் வேண்டும் என்றால் அதன் நகலில் செய்.

'நவ் அண்ட் தென்' உனக்குத் தெரியாததல்ல. 1970களின் கடைசியில் ஜான் வீட்டில் பியானோவோடு கேசட்டில் பாடி வைத்தது. 1995-இல் மற்ற மூவரும் எடுத்துப் பார்த்து, ஹம்மும் (மின்சாரத்தால் வரும் 'ம்ம்' ரீங்காரம்) பியானோவும் குரலோடு ஒட்டிக்கிடந்ததால் பாதியில் விட்டார்கள். கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழித்து, சினிமா இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் ஆட்கள் உருவாக்கிய முறையில் குரலை மட்டும் தனியே பிரித்து, 2023 நவம்பரில் பாட்டு வெளிவந்தது. 1995-இல் யாராவது அந்த டேப்பை அன்றைய கருவியில் 'சுத்தம்' செய்துவிட்டு மூலத்தைத் தூக்கிப் போட்டிருந்தால் 2023-இல் பிரிக்க என்ன இருந்திருக்கும்? இன்றைக்கு உன்னால் நீக்க முடியாத சத்தத்தை நாளைக்கு வேறு யாராவது நீக்குவார்கள். நீ வெட்டி எறிந்ததை யாராலும் திருப்பி வைக்க முடியாது.

அந்தக் கேசட்டுகளில் இருப்பதெல்லாம் கடையில் கிடைக்கிறதே என்று நீ நினைக்கலாம். கிடைக்காது. 1962 முதல் 1965 வரை பிபிசி வானொலிக்காக அவர்கள் வாசித்தது 88 வெவ்வேறு பாட்டுகள், மொத்தம் 275 முறை. 1994-இலும் 2013-இலும் வந்த இரண்டு தொகுப்புகளையும் சேர்த்தாலும் அதில் பாதி வராது. பிபிசியே பெரும்பாலான டேப்புகளை அழித்துவிட்டு மறுபடி உபயோகித்தது. மிச்சமிருப்பதில் ஒரு பங்கு, வீட்டு ரேடியோ முன்னால் ரெக்கார்டரை வைத்துப் பிடித்த ரசிகர்களின் உபயம். 'ஐல் பி ஆன் மை வே' ஜானும் பால் மெக்கார்ட்னியும் எழுதிய பாட்டு. அவர்கள் அதைத் தங்கள் ரெக்கார்டுக்காகப் பதியவே இல்லை, 1963-இல் பிபிசியில் பாடியதுதான் உண்டு. இரைச்சலுக்கு நடுவே மட்டுமே உயிரோடு இருந்த பாட்டு எத்தனையோ.

சரி, வேலைக்கு வா.

கேசட்டைக் குளிரான இடத்திலிருந்து கொண்டுவந்திருந்தால் ஒரு நாள் பெட்டிக்குள்ளேயே விடு. இல்லாவிட்டால் டேப்பில் ஈரம் படியும். பிறகு ஒவ்வொன்றையும் கடைசிவரை ஓட்டி, திரும்பவும் ஆரம்பத்துக்குச் சுற்று. வருஷக்கணக்காக அசையாமல் இருந்த டேப் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், இறுக்கமும் ஒரு சீராக இருக்காது. டெக்கில் டேப்பைப் படிக்கும் ஹெட்டையும், டேப்பை இழுக்கும் உலோகத் தண்டான கேப்ஸ்டனையும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடை. ரப்பர் ரோலருக்கு மட்டும் ஆல்கஹால் வேண்டாம், ரப்பர் இறுகிவிடும். லேசான சோப்புத் தண்ணீர் போதும்.

பாட்டு திடீரென்று மங்கினாலோ விட்டு விட்டு வந்தாலோ கேசட்டின் வாயைப் பார். ஹெட்டுக்கு நேர் எதிரே மெல்லிய உலோகப் பட்டையில் ஒரு துணுக்கு ஃபெல்ட் இருக்கும். பழைய கேசட்டில் அதன் பசை காய்ந்து விழுந்துவிடும். விழுந்தால் டேப் ஹெட்டில் அழுந்தாது. ஐந்து திருகாணி போட்ட ஒரு காலி ஷெல்லைத் திறந்து, இரண்டு சுருளையும் அப்படியே இடம் மாற்று. டேப் எந்த வழியாகப் போகிறது என்று முதலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள். கீச்சென்று கத்தும் கேசட்டை உடனே நிறுத்து. ஓவனில் சூடாக்கினால் சரியாகும் என்று எங்காவது படித்துவிட்டு வைத்துவிடாதே. அது சில வகை ரீல் டேப்புகளுக்கான வைத்தியம், அதையும் வெப்பத்தை அளந்து செய்கிறவர்கள்தான் செய்ய வேண்டும்.

இனி அசிமத், அதாவது டேப்புக்கு ஹெட் நிற்கும் கோணம். உன் ஃபைலில் பாதிக் குறை இதனால்தான், ஹிஸ்ஸால் அல்ல. கேசட் ஒரு நொடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் நகர்கிறது. 10 கிலோஹெர்ட்ஸ் சத்தத்தின் ஓர் அலை டேப்பில் 5 மைக்ரானுக்கும் குறைவான நீளம். ஹெட் இம்மியளவு சாய்ந்திருந்தாலும் அந்த அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பதிந்த டெக்கின் சாய்வும் உன் டெக்கின் சாய்வும் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை. ஹெட்டின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்த சிறிய திருகாணி இருக்கிறது பார், அதுதான். இடது வலது இரண்டையும் கூட்டி மோனோவாக்கிக் கேட்டுக்கொண்டே மெதுவாகத் திருப்பு. கால் சுற்றுக்கு மேல் தேவைப்படாது. ஓரிடத்தில் சிம்பல் சட்டென்று திறந்துகொள்ளும், பாட்டோடு சேர்ந்து பதிந்த ஹிஸ்ஸும் கூடவே கூர்மையாகும். அந்த இடம்தான். ஹிஸ் கூடிக் கேட்கிறதே என்று பயப்படாதே. ஒவ்வொரு கேசட்டுக்கும், ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியாகப் பார்க்க வேண்டும். ஹிஸ்ஸைக் குறைக்கும் டால்பி பொத்தானை இதெல்லாம் முடிந்த பிறகு யோசி. டால்பி இல்லாமல் பதிந்த டேப்பை டால்பி போட்டுக் கேட்டால் மேல் ஒலி மங்கிவிடும். இந்தப் பெட்டியில் டால்பி போட்டுப் பதிந்தது ஒன்றுகூட இல்லை, அது உனக்கே தெரியும்.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் எடு. உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2 ஜிபி வரும். ஃப்ளாக் என்ற சுருக்க வடிவத்துக்கு மாற்றினால் நன்றாகக் குறையும், எதுவும் இழக்காது. எம்பி3-ஐ மூலமாக வைத்துக்கொள்ளாதே. இரண்டு டிஸ்கில் வை, இரண்டும் ஒரே வீட்டில் வேண்டாம்.

வேகம் சரியா என்று பார்க்க ஹம்மே உதவும். பிரிட்டனில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அங்கே பதிந்த டேப்பில் அந்த ஹம் 51.5-இல் தெரிந்தால் பாட்டு 3 சதவீதம் வேகமாக ஓடுகிறது. நகலுக்கு நகல் எடுத்த டேப்பில் இரண்டு மூன்று ஹம் கோடுகள் இருக்கும், எது முதல் கோடு என்று பொறுமையாகப் பிரித்துப் பார். இதற்காகவும் சொல்கிறேன், ஹம்மை மூலத்திலிருந்து எடுக்காதே.

டெக்கா ரெக்கார்டு கம்பெனியில் அவர்கள் சோதனைக்குப் பாடிய டேப்பும் அதே பெட்டியில் இருக்கிறது. 1962 ஜனவரி 1, 15 பாட்டு, டிரம்ஸ் பீட் பெஸ்ட், ரிங்கோ அப்போது குழுவில் இல்லை. நிதானமாகக் கேள். பயந்துபோய்ப் பாடுகிறார்கள், பாலின் குரல் நடுங்குகிறது. அந்தக் கம்பெனி அவர்களை வேண்டாம் என்றது. அதே வருஷம் டிசம்பரில் ஹாம்பர்க் ஸ்டார் கிளப்பில் ஒரு வீட்டு கிரண்டிக் ரெக்கார்டரில் பிடித்ததைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் அதே ஆட்களா என்று தோன்றும். வேண்டாம் என்று சொல்லப்பட்ட வருஷத்திலேயே எப்படி வாசித்திருக்கிறார்கள் பார். ஒலித்தரம் மோசம்தான். வாசிப்பு மோசமில்லை.

தட்டுகளுக்கு வருகிறேன். டர்ன்டேபிள் உன்னிடம் இருக்கிறதா, இல்லை பழைய வீட்டிலேயே நின்றுவிட்டதா? இருக்கிறது, இல்லை என்று ஒரு சொல் போதும், விளக்கம் வேண்டாம். இல்லையென்றால் இங்கே இருப்பதை அனுப்பிவிடுவேன், எனக்கு ஒன்றும் சிரமமில்லை. நல்ல ஊசி இல்லாத எதிலும் மட்டும் இவற்றைப் போடாதே.

மோனோ தட்டுகளை முதலில் ஸ்டீரியோவாகவே எடு. ஒரு பள்ளத்தின் இரண்டு சுவர்களில் ஒன்று அதிகம் தேய்ந்திருக்கும். எது நல்லதோ அதை மட்டும் வைத்துக்கொள்ளலாம், அல்லது இரண்டையும் கூட்டலாம். கூட்டினால் ஊசி மேலும் கீழும் ஆடுவதால் வரும் சத்தம் பெருமளவு அடிபட்டுப் போகும். மோனோ வெறும் பழைய வடிவம் என்று எண்ணாதே, பல இடங்களில் அது வேறு மிக்ஸ். 'ஷீ'ஸ் லீவிங் ஹோம்' மோனோவில் வேகமாக, சுருதி கூடி ஓடும். உன் டெக் வேகமாக ஓடுகிறது என்று நினைத்துத் திருத்திவிடாதே. 'ஹெல்டர் ஸ்கெல்டர்' மோனோவில் மூன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல் போய் முடிந்துவிடும். ரிங்கோ விரலில் கொப்புளம் என்று கத்துவது ஸ்டீரியோவில் மட்டும்தான். 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத் தட்டு பிரிட்டிஷ் அச்சு, கடைசிப் பள்ளத்துக்கு முன்னால் 15 கிலோஹெர்ட்ஸ் விசில் ஒன்று இருக்கிறது. என் வயதுக்குக் கேட்காது, ஸ்பெக்ட்ரம் என்ற அலைவரிசைப் படத்தில் கோடாகத் தெரியும். உன் பதிவில் அந்தக் கோடு இருந்தால் மேல் ஒலி பத்திரம். உன் க்ளீனிங் ஃபில்டரைப் போட்ட பிறகும் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு என்னோடு வாதாடு.

கிறிஸ்துமஸ் ஃப்ளெக்சி என்ற வளையும் மெல்லிய தட்டுகளை (ரசிகர் மன்றம் 1963 முதல் 1969 வரை வருஷத்துக்கு ஒன்றாக அனுப்பிய ஏழு) ஒரு கனமான தட்டின் மேல் வைத்துப் போடு, லேபிளில் ஒரு நாணயத்தை வை; இல்லையென்றால் ஊசி பிடித்ததும் வழுக்கும். டிஸ்டில்ட் வாட்டரில் நனைத்த மெல்லிய துணி தவிர வேறெதுவும் படக்கூடாது. மடங்கினால் மடங்கியதுதான்.

யாராவது அவர்களுடைய 'கார்னிவல் ஆஃப் லைட்' பதிவைத் தருகிறேன் என்றால் காசு கொடுத்துவிடாதே. 1967 ஜனவரியில் பதிந்தது, 14 நிமிடம் போல வரும், இன்றுவரை வெளிவரவில்லை. அந்தப் பெயரில் சுற்றுவதை நம்பாதே.

உனக்கு இப்போது ஒன்றும் கேட்கத் தோன்றாவிட்டால் ஈஷர் டெமோக்களை (மாதிரிப் பதிவுகளை) மட்டும் போடு. ரிஷிகேஷிலிருந்து திரும்பி வந்து, 1968 மே மாதம் ஈஷரில் ஜார்ஜ் ஹாரிசனின் வீட்டில் உட்கார்ந்து பதிந்தார்கள், 27 பாட்டு. இரண்டாவது குரல் முதல் குரலோடு சரியாகப் பொருந்தவில்லை, யாரோ பின்னால் தட்டுகிறார்கள், சிரிக்கிறார்கள். சில மாதங்களில் ஸ்டூடியோவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலை செய்யப் போகிறவர்கள், அன்றைக்குச் சேர்ந்து பாடுகிறார்கள். ஸ்டூடியோவில் முடித்த வடிவங்களைவிட எனக்கு இவைதான் மேல். 2018-இல் அதிகாரபூர்வமாக வந்தபோதும் பழைய நகல்களை நான் தூக்கிப் போடவில்லை.

கடைசியாக 'ரிவால்வர்' ஆல்பத்தின் மோனோ தட்டு. இரண்டாம் பக்கத்தில் கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே வெறும் கறுப்பு வளையம் இருக்கிறதல்லவா, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து அதில் குத்தியிருக்கும் எண்ணைப் படி. எக்ஸ்-இ-எக்ஸ் 606, அதன் பின் ஒரு கோடு, கோட்டுக்குப் பிறகு ஓர் இலக்கம். அது 1 ஆக இருந்தால் 'டுமாரோ நெவர் நோஸ்' வேறு மிக்ஸ். முதலில் அச்சாகி, உடனே நிறுத்தி மாற்றப்பட்டது. டேப் லூப்புகள் (திரும்பத் திரும்ப ஓடும் டேப் துண்டுகள்) வந்து போகும் இடங்கள் மாறியிருக்கும். 2, 3 என்றால் எல்லோரிடமும் இருப்பது. என் கண்ணுக்கு அந்த இலக்கம் சரியாகப் பிடிபடவில்லை, அதைப் பார்ப்பதற்காகத்தான் உன்னிடம் அனுப்பியிருக்கிறேன். எழுதி அனுப்பாதே, போட்டோவும் வேண்டாம், அந்த வெளிச்சத்தில் தப்பாகத் தெரியும். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு போன் பண்ணிப் படி. எத்தனை மணியானாலும் பரவாயில்லை, நான் எடுப்பேன்.

அம்மா