ஆயில் குறைகிறதா? என்ஜினை இறக்கும் முன் அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரண்டு லட்சம் கி.மீ. தாண்டிய காரில் ஆயில் குறைகிறது என்று பட்டறைக்குப் போனால், பானட்டைத் திறந்த கையோடு “ரிங் போயிடுச்சு, என்ஜினை இறக்கணும்” என்று சொல்லிவிடுகிறார்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள உலோக வளையம்தான் ரிங். அதை மாற்றுவது பல பத்தாயிரம் ரூபாய் வேலை. இடுக்கில் ஆயில் கசியாமல் அடைக்கும் சில நூறு ரூபாய் பேக்கிங்கிலோ, அடைத்துக்கொண்ட ஒரு ஹோஸிலோ முடிந்திருக்க வேண்டிய கோளாறுக்கும் அதே தீர்ப்புதான். ஆயில் எவ்வளவு குறைகிறது, எந்த வழியாகப் போகிறது என்பது தெரியாமல் ஸ்பேனரைக் கையில் எடுக்கக் கூடாது என்பதை வண்டி வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் அளவு. சமதளத்தில் நிறுத்தி, சூடான என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, முழுதாகச் செருகி மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். மேல் கோடு வரை ஊற்றி, ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துவைத்து, 1000 கி.மீ. ஓடிய பின் அதே இடத்தில் நிறுத்தி, திரும்ப மேல் கோட்டைத் தொட எத்தனை மி.லி. பிடிக்கிறது என்று அளவுக் குவளையில் பாருங்கள். 300 மி.லி. வரை என்றால் பழைய என்ஜினுக்கு அது நோயே அல்ல. 1000 கி.மீ.க்கு அரை லிட்டர் முதல் 1 லிட்டர் வரை செலவாகலாம் என்று சில தயாரிப்பாளர்களின் கையேடுகளிலேயே இருக்கிறது. ஆனாலும் அரை லிட்டரைத் தாண்டினால் காரணம் தேடத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. பெரும்பாலான கார்களில் டிப் ஸ்டிக்கின் இரு கோடுகளுக்கும் நடுவே உள்ளது சுமார் 1 லிட்டர்தான். டேஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கை நம்பி இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. அது எரியும் நேரத்தில் பம்பு காற்றை இழுக்கத் தொடங்கியிருக்கும், பேரிங் அடிபட்டிருக்கவும் கூடும்.

அடுத்தது, வெளியே ஒழுகுகிறதா, உள்ளே எரிகிறதா என்பது. நிறுத்தும் இடத்தில் தரை சுத்தமாக இருக்கிறது, அதனால் ஒழுக்கு இல்லை என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். நின்றிருக்கும் வண்டியில் ஆயிலுக்கு அழுத்தமும் இல்லை, சூடும் இல்லை. ஓடும்போதுதான் சிந்தும். ஒரு துளி ஏறக்குறைய 0.03 மி.லி. என்று வைத்தால், 30 மீட்டருக்கு ஒரு துளி விழுந்தாலே 1000 கி.மீ.க்கு 1 லிட்டர் காலி. மழையில் இரு சக்கர வண்டிக்காரரைச் சறுக்கவிடுவதும் இந்தத் துளிகள்தான்.

ஒழுக்கைத் தேட என்ஜினை மேலிருந்து கீழ்வரை கழுவி உலர்த்தி, 20, 30 கி.மீ. ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஈரம் தெரியும் இடங்களிலேயே மிக உயரத்தில் இருப்பதுதான் ஊற்றுக்கண். புலப்படவில்லை என்றால் முகப் பவுடரைத் தூவி ஓட்டினால் தடம் தெரியும். முதலில் சந்தேகப்பட வேண்டியது என்ஜின் உச்சியில் உள்ள மூடியான டாப்பெட் கவரின் பேக்கிங். சூட்டில் ரப்பர் விறைத்துப்போய், கவரின் பின்பக்கமாக வழியும் ஆயில் என்ஜின் முதுகில் இறங்கி, என்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங் அடியில் சொட்டும். அதைக் கண்டு கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது என்று கியர் பாக்ஸையே இறக்கிவிடுகிறார்கள். அங்கே சொட்டுவது கியர் ஆயிலாகவும் இருக்கலாம். கியர் ஆயிலை விரலில் தொட்டு முகர்ந்தால் கந்தக நெடி அடிக்கும், அதுதான் அடையாளம். டாப்பெட் கவர் போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவுக்குத்தான் முறுக்கு தேவை. ஒழுக்கு நிற்கட்டும் என்று இன்னும் இறுக்கினால் கவர் வளைந்து மேலும் ஒழுகும்.

ஆயில் பிரஷர் சுவிட்ச், டிரெயின் போல்ட் வாஷர், ஆயில் ஃபில்டர் ஆகிய மூன்றும் மலிவான சாமான்கள், மூன்றிலும் ஒழுக்கு வரும். வாஷரை ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் புதிதாகப் போட வேண்டும். ஃபில்டரைக் கழற்றும்போது பழைய ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டி நின்றுவிடுவது உண்டு. அதன் மேலேயே புதியதைப் பூட்டினால் நெடுஞ்சாலையில் சில நிமிடங்களில் மொத்த ஆயிலும் வெளியே வந்துவிடும்.

சீல் மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியது பிரீதர். ரிங்கைத் தாண்டிக் கீழே வரும் வாயு வெளியேறும் ஹோஸோ பிசிவி வால்வோ கசடால் அடைத்தால், என்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே வரும். புது சீல் போட்டும் மூன்றே மாதத்தில் ஒழுகுகிறது என்ற புகாரின் வேர் பெரும்பாலும் இங்கேதான். பெட்ரோல் என்ஜினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் வாயில் ஒரு காகிதத் துண்டை வையுங்கள். லேசாக உள்ளே இழுத்தால் சரி. வெளியே தள்ளினால் பிரீதர் அடைப்பா, ரிங்கைத் தாண்டி வாயு அதிகமாக இறங்கும் பேக் கம்ப்ரஷனா என்று பார்க்க வேண்டும். டீசலில் சிறிது புகை வருவது இயல்பு, மூடியைக் கவிழ்த்து வைத்தால் அது துள்ளி விழும் அளவுக்கு இருக்கக் கூடாது.

வெளியே ஒழுக்கு இல்லை என்றால் ஆயில் எரிகிறது. நீலப் புகை எப்போது வருகிறது என்பதே பாதி விடை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு குப்பென்று வந்து நின்றுவிட்டால் கோளாறு வால்வு சீலில், அதாவது வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பரில். பெட்ரோல் காரில் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல் இறங்கி, கீழே வந்து மிதிக்கும்போது நீலமாக வந்தாலும் அதுவேதான். இறக்கத்தில், என்ஜினுக்குள் காற்று போகும் மேனிஃபோல்டில் உண்டாகும் வெற்றிடம் விறைத்த சீல் வழியாக ஆயிலை உறிஞ்சிவிடுகிறது. இதற்கு என்ஜினின் மேல் பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டிய அவசியமே பல என்ஜின்களில் இல்லை. பிஸ்டனை மேல் முனைக்குக் கொண்டுவந்து, பிளக் துளை வழியாக 5, 6 பார் காற்றைக் கொடுத்து வால்வு விழாமல் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிங்கை அமுக்கிச் சீலை மாற்றலாம்.

ஏற்றத்திலும் பாரத்திலும் விடாமல் நீலப் புகை வந்தால் ரிங் மீது சந்தேகம் போகும். சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்து, அளவு குறைந்த சிலிண்டரில் 5 மி.லி. ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது கூடினால் ரிங் அல்லது சிலிண்டர் உள்சுவர் தேய்மானம், கூடாவிட்டால் பெரும்பாலும் வால்வு. ஆனால் பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. கம்ப்ரஷனைத் தாங்குவது மேல் இரண்டு ரிங்குகள். ஆயிலை வழித்து இறக்குவது மூன்றாவது ரிங். அதன் துளைகள் கரியால் அடைத்து ரிங் பிடித்துக்கொண்டால், கம்ப்ரஷன் கச்சிதமாக இருக்கும்போதே ஆயில் லிட்டர் கணக்கில் எரியும். ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்டதாலும், என்ஜின் சூடேறும் முன்பே அணைக்கும் குறுகிய ஓட்டங்களாலும் வருவது இது. பெட்ரோல் காரில் கரி கரைக்கும் திரவத்தைப் பிளக் துளை வழியாக ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, பிளக்குகள் இல்லாமல், இக்னிஷனையும் பெட்ரோலையும் துண்டித்துச் சுழற்றி வெளியேற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிப் பார்க்கலாம். பிளக்கைப் பூட்டிவிட்டுச் சுழற்றினால் திரவம் அமுங்காமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இது எல்லா என்ஜினுக்கும் பலிக்காது, என்றாலும் என்ஜினை இறக்கும் முன் ஒரு முறை செய்துபார்க்கத் தக்கது.

டர்போ டீசலில், டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸுக்குள் மெல்லிய ஆயில் படலம் இருப்பதைக் காட்டி டர்போவை மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது பிரீதர் வழியாக வருவது. ஆயில் தேங்கி நின்று, டர்போ ஷாஃப்டும் ஆடினால்தான் கவலை. அப்போதும் டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்த்த பின்பே புதியது வாங்க வேண்டும். கவலையை அலட்சியம் செய்யவும் கூடாது: டர்போ வழியாக ஆயில் கொட்டினால் என்ஜின் அதையே எரிபொருளாக்கிக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் சீறும். மேனுவல் வண்டியில் உயர்ந்த கியரைப் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்து, கிளட்ச்சை விட்டு அணைப்பதே வழி. சில விநாடிகளுக்குள் முடியவில்லை என்றால் இறங்கி விலகிவிட வேண்டும்.

ஆயில் குறைகிறது என்றதும் 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயிலை ஊற்றச் சொல்வதும் சரியில்லை. 5டபிள்யூ-30 போட வேண்டிய என்ஜினுக்கு, கையேடு அனுமதித்தால் 5டபிள்யூ-40 வரை போகலாம். டைமிங் செயின் டென்ஷனரும் ஹைட்ராலிக் டாப்பெட்டும் ஆயில் அழுத்தத்தில் இயங்குபவை. கெட்டி ஆயில் காலை ஸ்டார்ட்டில் அவற்றை வந்தடையத் தாமதமாகும். அதிக கி.மீ. ஓடிய என்ஜினுக்கென விற்கும் ஆயில் விறைத்த ரப்பரைச் சற்று இளக்கும், கிழிந்த சீலை ஒட்டவைக்காது. பேக்கிங்குக்குப் பதிலாக சிலிக்கான் பசையை அப்புவது இவை எல்லாவற்றையும்விட மோசம். உள்பக்கம் பிதுங்கிய பசை உதிர்ந்து ஆயில் பம்பின் சல்லடையை அடைத்தால் என்ஜின் ஜாமாகிவிடும்.

புகைச் சான்றிதழ் இருக்கிறதே என்றும் நிம்மதி கொள்ள முடியாது. டீசலுக்கு அங்கே பார்ப்பது புகையின் அடர்த்தி. பிஎஸ்-4 மாசு விதிக்கு முந்தைய வண்டிக்கு 65, பிஎஸ்-4 வண்டிக்கு 50 எச்எஸ்யு (புகை அடர்த்தியின் அலகு) என்பது வரம்பு. ஆயில் எரிகிறதா என்று தனியாக யாரும் பார்ப்பதில்லை. பிஎஸ்-6 டீசலில் டிபிஎஃப் என்ற புகைக்குழாய் ஃபில்டர் நீலப் புகையைப் பிடித்துக்கொள்வதால் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. அந்த ஃபில்டரைச் சுத்தம் செய்யும் சுற்றில் டீசல் ஆயிலில் கலப்பதும் உண்டு. டிப் ஸ்டிக்கில் மட்டம் குறையாமல் நின்றாலோ ஏறினாலோ, டீசல் வாடை அடிக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள், முந்தைய இரவிலிருந்து ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லிக் காலையில் போய்ப் பாருங்கள். போய்ச் சேரும்போதே என்ஜின் சூடாக இருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம்.

இப்படிக்கு,
மோட்டார் பட்டறைத் தொழிலாளி,
சேலம்.