செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: பக்கத்தில் ஓர் அக்கா

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, இன்று விடுமுறை நாளையும் விட்டுக்கொடுத்து வந்திருக்கும் சங்கத்துச் சகோதரிகளே, மாணவிகளே, அவர்களை அழைத்து வந்திருக்கும் பெற்றோரே, அனைவருக்கும் வணக்கம்.

திருநெல்வேலியிலும் பாளையங்கோட்டையிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் கணினி, மின்னணுவியல், தொலைத்தொடர்புத் துறைகளில் வேலை பார்க்கும் பெண்களும், அந்த வேலைகளிலிருந்து ஓய்வு பெற்றவர்களும் சேர்ந்து நடத்தும் நமது சங்கத்தின் சென்ற ஆண்டுப் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். செயற்குழுக் கூட்டங்கள் முறையாக நடந்தன. தீர்மானங்கள் பதிவேட்டில் உள்ளன, விரும்புவோர் பார்க்கலாம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். எனக்குக் கிடைத்திருக்கும் நேரத்தை வேலையைப் பற்றிப் பேசவே பயன்படுத்திக்கொள்கிறேன்.

2024 பிளஸ் டூ தேர்வில் தமிழ்நாட்டில் மாணவிகள் 96.44 சதவீதமும் மாணவர்கள் 92.37 சதவீதமும் தேர்ச்சி பெற்றார்கள். நம் பெண்கள் படிப்பில் பின்தங்கவில்லை. ஆனால் பத்தாம் வகுப்பு முடிந்து பாடப்பிரிவு எடுக்கும்போது சிலர், கவுன்சலிங் சமயத்தில் சிலர், கல்லூரி முதல் செமஸ்டரில் சிலர், வெளியூர் வேலை கிடைக்கும்போது சிலர், கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் பிறகு இன்னும் பலர் என்று வழியிலேயே விடுபடுகிறார்கள். வகுப்பு எடுப்பதற்கு ஆட்கள் கிடைக்கிறார்கள். இந்தத் திருப்பங்களில் பக்கத்தில் நிற்கத்தான் ஆள் இல்லை. அதனால் சென்ற ஆண்டு நமது நேரத்தில் பெரும்பகுதியை இங்கேதான் செலவிட்டோம்.

நாம் கடைப்பிடிக்கும் ஏற்பாடு எளிமையானது. மாணவிக்குத் துணை நிற்கும் நமது உறுப்பினரைத்தான் அக்கா என்கிறோம். ஒவ்வொரு அக்காவுக்கும் இரண்டு மூன்று மாணவிகள், அதற்கு மேல் கிடையாது. பிளஸ் ஒன்னில் தொடங்கி, கல்லூரி முதல் ஆண்டு முடியும் வரை அதே அக்காதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு போன். பேச விஷயம் இல்லாவிட்டாலும் போன் செய்ய வேண்டும். அப்படிப் பேசும் பழக்கம் இருந்தால்தான், உண்மையாகவே பிரச்சினை வரும் நாளில் அந்தப் பெண் தானாகக் கூப்பிடுவாள்.

சென்ற ஆண்டில் நம்மை அதிகம் வேலை வாங்கியது மே முதல் செப்டம்பர் வரையிலான பொறியியல் கலந்தாய்வுக் காலம். ஆன்லைன் கலந்தாய்வு வந்தபின் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை, அது பெரிய நிம்மதி. ஆனால் வீட்டில் படித்தவர் யாரும் இல்லாத ஒரு பெண், ஒரு பிரவுசிங் சென்டரில் யாரோ ஒருவர் சொன்ன வரிசையில் கல்லூரிகளைப் பதிவு செய்துவிட்டு வந்துவிடுகிறாள். விருப்பப் பட்டியலில் மேலே இருப்பதுதான் முதலில் பார்க்கப்படும் என்பது அவளுக்குத் தெரிவதில்லை. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் அதை உறுதி செய்யக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. ஓடிபி வரும் எண்ணோ அப்பாவுடையது, அப்பா கேரளாவிலோ சவுதியிலோ வேலையில் இருக்கிறார். இப்படிச் சின்ன விஷயங்களில்தான் இடம் கைவிட்டுப் போகிறது.

ஆகவே மே மாதத்திலேயே ஆரம்பித்தோம். முதல் பட்டதாரிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் முன்னதாகவே விண்ணப்பிக்க வைத்தோம். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிடுவதை ஒவ்வொரு மாணவியும் தானே போட்டுப் பார்த்தாள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலிலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது, அதில் சேர்பவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது என்பதைப் பெற்றோரிடம் உட்கார்ந்து சொன்னோம். "விடுதிக்குமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டவர்கள் உண்டு. அதைக் கேட்ட பிறகு மகளை அனுப்பச் சம்மதித்தவர்களும் உண்டு.

உதவித்தொகை விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்காக 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. 2024 டிசம்பரில் பக்கத்துத் தூத்துக்குடியில் வைத்துத்தான் அதை அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் விரிவுபடுத்தினார்கள். பாளையங்கோட்டையில் உதவி பெறும் பள்ளிகள் நிறைய இருப்பதால் நமக்கு இது மிகப் பெரிய செய்தி. ஆனால் தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்கு அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ தரும் பிரகதி உதவித்தொகை பலருக்கும் தெரியவில்லை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம், தேர்வானால் ஆண்டுக்கு 50,000 ரூபாய். டிப்ளமோ மாணவிகளுக்கும் உண்டு. அதேபோல பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நலத்துறை தரும் கல்வி உதவி. அம்மாவின் பீடி அடையாள அட்டையை வைத்து தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிய வேண்டும். மேலப்பாளையத்திலும் முக்கூடல் பக்கத்திலும் அட்டை பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது.

அப்புறம், மேலப்பாளையத்தில் சாயங்கால வகுப்பு தொடங்கியது இப்படித்தான். மகள்களுக்காகப் போன இடத்தில் அம்மாக்கள், "எங்களுக்கும் சொல்லித் தாங்களேன்" என்று கேட்டார்கள். பீடி சுற்றிக்கொண்டே கேட்பார்கள், கை நிற்காது. போனில் பிஎஃப் இருப்பு பார்ப்பது, டிஜிலாக்கரில் சான்றிதழ் எடுப்பது, யாராவது ஓடிபி கேட்டால் சொல்லக்கூடாது என்பது, இவைதான் பாடம். தன் பெயரில் எவ்வளவு பிஎஃப் சேர்ந்திருக்கிறது என்பதை முதல் முறையாகத் தன் கண்ணால் பார்த்த ஒரு அம்மா, மறுவாரம் தன் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். நாட்டில் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33 சதவீதம், ஆண்கள் 57 சதவீதம் என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. வீட்டில் ஒரு போன் இருந்தால் அது முதலில் அப்பாவுக்கு, அடுத்து அண்ணனுக்கு. அம்மா கைக்கு வந்தால்தான் மகள் கைக்கும் வருகிறது என்பதை இந்த வகுப்பில் நேரிலேயே பார்த்தோம். செயற்குழுவில் இதற்குத் தயக்கம் இருந்தது, நமது நோக்கம் மாணவிகள்தானே என்று கேட்டார்கள். என் கருத்து, அம்மாக்களை விட்டுவிட்டு மாணவிகளிடம் மட்டும் பேசுவது பாதி வேலை. வரும் ஆண்டும் இது தொடர வேண்டும்.

பள்ளிகளில் நடக்கும் பைத்தான் என்ற கணினி நிரல் மொழி வகுப்புகள் பற்றிச் சுருக்கமாக. அரசுப் பள்ளிகளின் ஹைடெக் லேப்களில் சனிக்கிழமைகளில் நடந்தன. டிசம்பர் மழையில் சில வாரங்கள் நின்றன. ஒரு பள்ளியில் ஆய்வகச் சாவி யாரிடம் என்ற சிக்கலிலேயே ஒரு பருவம் போனது. இருபாலர் பள்ளிகளில் இரண்டு பேருக்கு ஒரு கணினி என்றால் மவுஸ் பையன் கையிலும் நோட்டுப் புத்தகம் பெண் கையிலும் போய்விடுகிறது. அதனால் மாணவிகளுக்கென்று தனி நேரம் கேட்டு வாங்கினோம். தலைமையாசிரியர்கள் புரிந்துகொண்டு ஒத்துழைத்தார்கள், அவர்களுக்கு நன்றி.

இந்த வகுப்பின் பலன் கல்லூரியில்தான் தெரிகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டப்படி எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் முதல் செமஸ்டரில் பைத்தான் இருந்தது. தமிழ் வழியில் படித்துவிட்டு, முதல் வாரத்திலேயே எல்லாம் ஆங்கிலத்தில் ஓடும்போது, ஏற்கெனவே கொஞ்சம் கைப்பழக்கம் உள்ள ஒரு பாடமாவது இருப்பது எவ்வளவு தைரியம் என்பதை மாணவிகள்தான் சொல்ல வேண்டும். கணிதத்தில் அரியர் விழுந்து, "எனக்கு இது சரிப்படாதுக்கா, பி.எஸ்சி.க்கு மாறிடுறேன்" என்று அழுதவர்கள் இருக்கிறார்கள். நமது அக்காக்களில் சிலருக்கும் அந்தக் காலத்தில் அரியர் இருந்தது, அதை அவர்கள் மறைக்காமல் சொன்னார்கள். இரவு எட்டரை மணிக்கு ஆன்லைனில் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். நின்றுவிடுவேன் என்று சொன்ன பெண்கள் இரண்டாம் செமஸ்டரிலும் தொடர்கிறார்கள்.

நம் ஊரைச் சுற்றியே முன்னுதாரணம் இருப்பது நமக்குப் பலம். சூரியனை ஆராய இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். அங்கே அரசுப் பள்ளியில் படித்து, நம்முடைய திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் படித்து, 1987-இல் இஸ்ரோவில் சேர்ந்தவர். 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பிய அந்த விண்கலம், 2024 ஜனவரி 6 அன்று 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் தன் இடத்தைப் போய்ச் சேர்ந்தது. அறிவியல் மையத்தில் நடந்த நமது கூட்டத்தில் இதைச் சொன்னபோது, "அவங்களும் இதே பஸ்ஸுலதான் காலேஜ் போயிருப்பாங்களா?" என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்த உரிமை எனக்குப் பிடித்திருந்தது.

அதே கூட்டத்தில் கிண்டி பொறியியல் கல்லூரியின் லலிதாவைப் பற்றியும் பேசினோம். பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு இருந்தவர் மின்பொறியியல் படிக்கப் போனார். விடுதியில் பெண் என்று அவர் ஒருவர்தான். தனியாக இருக்கிறாளே என்று, அதே கல்லூரியில் பேராசிரியராக இருந்த அவர் தந்தை, வேறு பெண்களும் சேர வேண்டும் என்று முயற்சி எடுத்தார். லீலம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் வந்தார்கள். திரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். முதல் பெண் பொறியாளர் என்று லலிதாவைக் கொண்டாடுகிறோம், சரி. அவருக்குத் துணையாக இன்னும் இருவர் வர வேண்டும் என்று ஒருவர் நினைத்து, அதற்காக மெனக்கெட்டாரே, நமது சங்கம் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

இணையப் பாதுகாப்பு பற்றி இந்த ஆண்டு வழக்கத்தைவிட அதிகம் பேச வேண்டியிருந்தது. படத்தை எடுத்து மாற்றி மிரட்டுவது நம் ஊர்களிலும் நடக்கிறது. மிரட்டலைவிடப் பெண்கள் அதிகம் பயப்படுவது வீட்டுக்குத்தான். சொன்னால் போனைப் பிடுங்குவார்கள், அடுத்து படிப்பை நிறுத்துவார்கள். அந்தப் பயம்தான் மிரட்டுபவனின் பலம். அதனால் பெற்றோர் கூட்டத்தில் நேராகவே கேட்டுக்கொண்டோம்: மகள் வந்து சொன்னால் முதலில் போனைப் பறிக்காதீர்கள். மாணவிகளிடம் சொன்னது: எதையும் அழிக்காதே, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை, பணம் கொடுக்காதே, அக்காவைக் கூப்பிடு. பணம் போயிருந்தால் உடனே 1930. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் 1098. பெண்களுக்கான உதவி எண் 181. இந்த எண்களை எல்லாப் பள்ளிகளிலும் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொல்லியிருக்கிறோம். நாலு பேர் பார்க்க எழுதிக்கொள்ளத் தயங்கும் பெண் அங்கே நிம்மதியாக எழுதிக்கொள்வாள். புகார் கொடுக்கப் போன குடும்பத்துடன் நமது உறுப்பினர் ஒருவர் சைபர் கிரைம் காவல் நிலையம் வரை கூடவே போனார். விவரம் இதற்கு மேல் வேண்டாம்.

வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் பட்டதாரிகளுக்கான நமது மதிய அமர்வுகள் இரண்டாம் ஆண்டாக நடந்தன. பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் வைத்தால்தான் வர முடியும் என்பதால் மதியம். ஐந்தாறு வருடம் இடைவெளி விட்டவர்களுக்கு மூளை துருப்பிடிப்பதில்லை, தன்னம்பிக்கைதான் போய்விடுகிறது. அதனால் புதிய பாடங்களைவிட, ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் பார்த்துக் கருத்துச் சொல்வதும், மாதிரி நேர்காணலும்தான் கைகொடுத்தன. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ, இப்படி இடைவெளி விட்ட பெண்களுக்கென்றே "மறுபடி" என்ற பயிற்சியை நடத்தியது. மற்ற நிறுவனங்களும் அப்படிச் செய்தால் எத்தனையோ வீடுகளில் வெளிச்சம் வரும். 2017 சட்டத் திருத்தப்படி பேறுகால விடுப்பு 26 வாரம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பதை, வேலையில் இருக்கும் நமது உறுப்பினர்களிலேயே பலர் அறிந்திருக்கவில்லை. வழக்கறிஞர் ஒருவர் வந்து விளக்கினார். கங்கைகொண்டான் தொழிற்பூங்காவில் வேலை பார்ப்பவர்கள் இதைத் தங்கள் நிர்வாகத்திடம் எழுப்பியிருக்கிறார்கள்.

வரும் ஆண்டுக்கு என் வேண்டுகோள்கள் சில. மார்ச் 8-ஐ ஒட்டி மேடையில் பேச நமக்கு அழைப்புகள் குவிகின்றன. பேச வருபவர்கள் இருக்கிறார்கள். ஆண்டு முழுதும் ஞாயிற்றுக்கிழமை போன் செய்பவர்கள்தான் போதவில்லை, காத்திருக்கும் மாணவிகளின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் நெல்லைப் பெண்களும் இதைச் செய்யலாம், ஊரில் இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. பயன்படுத்தாத லேப்டாப் வீட்டில் இருந்தால் கொடுங்கள், பேட்டரியை நாம் மாற்றிக்கொள்கிறோம். பத்தாம் வகுப்பு முடிவு வரும் வாரத்தில் பெற்றோரைச் சந்திக்கக் களக்காடு, நாங்குநேரி பக்கம் போக இருவர் வேண்டும், வண்டி ஓட்டத் தெரிந்தவர்களாக இருந்தால் நல்லது.

கூட்டம் முடிந்ததும் பெயர்ப் பதிவேடு வாசல் பக்க மேசையில் இருக்கும். இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்து பொருளாளர் கணக்கை வாசிப்பார்.

செயலாளர்