ஏற்றத்தில் ஓடவிருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

வரும் ஜனவரியில் நம் ஓட்டக் குழு கலந்துகொள்ளும் மலைத் தொடரோட்டத்தில் ஏற்றப் பகுதியை உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். "சென்னையில் கடற்கரைச் சாலையில் ஓடிப் பழகியவனுக்கு எதற்கண்ணா மலை?" என்று நீ தொலைபேசியில் கேட்டபோது, அதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வேலைக்காக ஜப்பானுக்கு வந்து, இங்குள்ள ஓட்டக் குழுக்களில் சேர்ந்து, குளிர்காலத்தில் முதன்முறையாகத் தோளில் பட்டை (தொடரோட்டத்தில் ஒருவர் அடுத்தவருக்குக் கைமாற்றும் துணிப்பட்டை) அணியப்போகும் நம்மவர்கள் வேறு சிலருக்கும் இது பயன்படலாம் என்பதால், உன் பெயரைத் தவிர்த்துத் திறந்த கடிதமாகவே எழுதுகிறேன்.

நீ ஜனவரி 2 ஆம் தேதி காலையில் தொலைக்காட்சியில் ஹகோனே எக்கிடென் என்னும் நெடுந்தூரச் சாலைத் தொடரோட்டத்தைப் பார்த்திருப்பாய். டோக்கியோவின் ஓதேமாச்சியில் தொடங்கி ஹகோனே மலைமேல் இருக்கும் ஆஷி ஏரிக்கரை வரை ஐந்து பேர். மறுநாள் அங்கிருந்து டோக்கியோவுக்குத் திரும்ப ஐந்து பேர். இரண்டு நாட்களிலும் சேர்த்து 217.1 கிலோமீட்டர். டோக்கியோவை உள்ளடக்கிய கான்டோ வட்டாரப் பல்கலைக்கழகங்களின் ஓட்டக் குழுக்கள் மட்டுமே பங்கேற்கும் போட்டி அது. நம் குழுவில் இருப்பவர்களோ அலுவலகம் போகிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள், கடை வைத்திருப்பவர்கள். அவர்களுடைய ஓட்டத்தையும் நம்முடைய ஓட்டத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த நாட்டில் குளிர்காலத்தில் மலையேறித் தொடரோட்டம் ஓடுகிற எல்லோருடைய மனத்திலும், ஒரு சிற்றூர்ப் போட்டியில் ஓடுகிறவர்களின் மனத்திலும்கூட, ஹகோனே மலையேறும் அந்த ஐந்தாம் பகுதிதான் இருக்கிறது. உன்னிடம் ஏற்றத்தைக் கொடுத்தபோது நம் தோழர்கள் உன்னைப் பார்த்த பார்வையில் ஒரு தனி மரியாதை இருந்ததற்குக் காரணம் அதுவே.

அந்த ஓட்டம் பிறந்த விதத்தை நீ அறிந்துகொள்ள வேண்டும். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஜப்பானுக்காக மாரத்தான் ஓடி, வெயிலில் பாதியில் விழுந்த கனகுரி ஷிசோ, உலகத் தரத்தில் ஓடக்கூடிய இளைஞர்களை ஒருவர் இருவராக அல்லாமல் கூட்டமாக உருவாக்க வேண்டும் என்று விரும்பினார். அமெரிக்கக் கண்டத்தையே தொடரோட்டமாகக் கடக்கும் ஒரு திட்டம் அவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் இருந்தது. ராக்கி மலைகளைக் கடக்கக்கூடியவர்களைத் தேர்ந்தெடுக்கும் களமாக ஹகோனே மலை அமைந்தது. 1920 பிப்ரவரியில் முதல் போட்டி நடந்தபோது வந்தவை நான்கே அணிகள்: வசேதா, கெய்யோ, மெய்ஜி, டோக்கியோ உயர்நிலை ஆசிரியர் பள்ளி. மாணவர்கள் காலை வகுப்பை முடித்துவிட்டு வர வேண்டியிருந்ததால் ஓட்டம் பிற்பகல் ஒரு மணிக்குத்தான் தொடங்கியது. ஆகவே ஐந்தாவது ஆள் மலையேறும்போது இருட்டிவிட்டது. உள்ளூர் இளைஞர்கள் தீப்பந்தம் பிடித்து வழிகாட்ட, அந்த வெளிச்சத்தில் மலைப்பாதையில் ஓடியிருக்கிறார்கள். தொடரோட்டத்தில் மலைப்பகுதியை ஒருவர் தனியாக ஓடினாலும், அது பலருடைய கையால் நடக்கும் காரியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இன்றைய ஐந்தாம் பகுதி, ஒடவாராவில் காமாபோகோ என்னும் மீன் பண்டம் விற்கும் சுசுஹிரோ கடையின் முன்னிருந்து தொடங்குகிறது. தூரம் 20.8 கிலோமீட்டர். யுமோட்டோ வெந்நீரூற்று ஊரைக் கடந்ததும் சாலை செங்குத்தாகிறது. ஓஹிரதாயில் கொண்டை ஊசி வளைவு. மியானோஷிதாவில் பழைய ஃபுஜியா ஹோட்டலை ஒட்டி இருபுறமும் நெருக்கியடித்து நிற்கும் மக்கள். கொவாகிதானியில் தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் மலை ரயிலே நின்று ஓட்டக்காரர்களுக்கு வழிவிடுகிறது. ஏறத்தாழ 16 ஆவது கிலோமீட்டரில், கடல் மட்டத்திலிருந்து 874 மீட்டர் உயரத்தில், ஒன்றாம் தேசிய நெடுஞ்சாலையின் உச்சி வருகிறது. அங்கிருந்து ஏரி வரை இறக்கம். 2005 இல் ஜுன்டெண்டோ பல்கலைக்கழகத்தின் இமாய் மசாத்தோ பதினைந்தாவது இடத்தில் பட்டையை வாங்கிப் பதினொரு பேரைக் கடந்தார். 2009 இல் தோயோ பல்கலைக்கழகத்தின் கஷிவபாரா ரியூஜி முதலாம் ஆண்டு மாணவராக இருந்தபோதே, முதல் அணிக்கு 4 நிமிடம் 58 விநாடி பின்னால் கிளம்பி, அத்தனை பேரையும் முந்திக்கொண்டு ஏரிக்கரையை அடைந்தார். மக்கள் இவர்களை "மலைக் கடவுள்" என்று அழைப்பதை நீயும் கேட்டிருப்பாய்.

இந்தப் பட்டத்தின்மேல் எனக்கு வருத்தம் உண்டு. 2006 இலிருந்து 2016 வரை ஐந்தாம் பகுதியை 23 கிலோமீட்டருக்கும் மேலாக நீட்டி வைத்திருந்தார்கள். அதனால் மலையில் ஒருவர் சிறந்திருந்தால் மற்ற ஒன்பது பேருடைய உழைப்பும் பின்னுக்குப் போய்விடும் என்ற நிலை வந்தது. 2017 இல் மீண்டும் 20.8 ஆகக் குறைத்தது மிகச் சரியான முடிவு என்றே நான் எண்ணுகிறேன். தொடரோட்டம் பத்துப் பேருடையது. ஒரு மலைக்காக ஒன்பது பேரைத் துணைப்பாத்திரங்களாக்கும் ஏற்பாடு எதுவாயினும் அது கனகுரி நினைத்த ஓட்டமாக இராது. தொலைக்காட்சி இன்றும் முந்திச் செல்பவரின் முகத்தைத்தான் காட்டுகிறது. உன் மனத்தில் அந்த முகம் பதிந்திருந்தால், தயவுசெய்து அதை அகற்றிவிட்டுக் கைமாற்றும் இடத்தைப் பார்க்கப் பழகு.

அங்கே என்ன நடக்கிறது தெரியுமா? அடுத்து ஓடப்போகிறவர் கனத்த அங்கியும் கையுறையும் அணிந்து உடலைச் சூடாக வைத்துக்கொண்டிருப்பார். வருகிறவரின் எண்ணை ஒலிபெருக்கியில் அழைத்ததும் அங்கியைக் கழற்றி உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, கையில்லாத மெல்லிய சட்டையுடன் கோட்டில் வந்து நிற்பார். அந்த நொடியிலிருந்து குளிர் அவரைத் தின்னத் தொடங்குகிறது. வருகிறவர் கடைசி வளைவில் துவண்டு நடந்துவிட்டால், காத்திருப்பவரின் தசைகள் இறுகிப்போகும். அப்படி இறுகிய கால்களோடுதான் அவர் தம் பகுதியைத் தொடங்க வேண்டும்.

உன்னிடமிருந்து பட்டையை வாங்கப்போகிறவர் அறுபதைக் கடந்த நம் குழுத் தோழி. அவர் ஓடவேண்டியது இறக்கம். இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டியிருப்பதால், குளிர்ந்த கால்களோடு தொடங்கினால் காயம் நிச்சயம். 2025 இல் அவோயாமா கக்குயின் அணியின் நோமுரா அகிமு ஆறாம் பகுதியின் இறக்கத்தை 56 நிமிடம் 47 விநாடியில் ஓடி, 57 நிமிடத்துக்குள் அதைக் கடந்த முதல் ஆள் ஆனார். கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 44 விநாடி. அந்த மாணவர்களின் இளங்கால்களுக்கே மலையிறக்கம் எத்தனை கொடியது என்பதை முடித்தபின் அவர்கள் நடக்கும் நடையே சொல்லிவிடும். நம் தோழி அந்த வேகத்தில் ஓடப்போவதில்லை. ஆனால் முழங்கால் அவருடையது, வயதும் அவருடையது. ஆகவே நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான்: எத்தனை நிமிடத்தில் மேலே வருவேன் என்று அவரிடம் சொல்கிறாயோ அத்தனை நிமிடத்தில் வா. இரண்டு நிமிடம் முன்னால் வருவதைவிட, சொன்ன நேரத்துக்கு வருவது நம் அணிக்குப் பெரிய உதவி.

அப்படி வருவதற்குச் சமதளப் பழக்கம் ஒன்றை நீ விட்டாக வேண்டும். கைக்கடிகாரத்தில் கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்று பார்த்து ஓடும் வழக்கம் ஏற்றத்தில் ஏமாற்றும். சாலையின் சாய்வு நூறு மீட்டருக்கு ஒருமுறை மாறும்போது, ஒரே வேகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் செங்குத்தான இடத்தில் மூச்சு கடனாகி, அந்தக் கடன் கடைசிவரை தீராது. வேகத்தை மறந்து முயற்சியை ஒரே அளவில் வைத்துக்கொள். முதல் கிலோமீட்டரில் இரண்டு மூன்று சொற்கள் பேசக்கூடிய அளவுக்கு மூச்சு மிச்சம் இருக்க வேண்டும். நம் பகுதியின் தொடக்கம் மிகான் ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு இடையே மெல்லத்தான் ஏறுகிறது. பலரும் அங்கேதான் பாய்கிறார்கள், அவர்களைப் போகவிடு. ஏற்றம் கூடும் இடத்தில் அடியைச் சுருக்கி எண்ணிக்கையைக் குறைக்காமல் வை. இடுப்பில் மடங்காமல் கணுக்காலிலிருந்து உடல் முழுவதும் சற்றே முன்சாயட்டும். பார்வை பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் இருந்தால் போதும். வளைவுக்கு மேலே தெரியும் அடுத்த வளைவை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தால் மனம் தளரும். கால் கனக்கும்போது கையை வேகப்படுத்து. கால் தானாகப் பின்தொடரும். ஐந்தாம் பகுதியின் வேகத்தை நாம் கனவிலும் தொட முடியாது. 2025 இல் வாகபயாஷி ஹிரோகி அதை 1 மணி 9 நிமிடம் 11 விநாடியில் முடித்தபோது, அந்த ஏற்றத்தையும் சேர்த்து அவருடைய சராசரி கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 20 விநாடி. ஆனால் அவர் சிற்றடி வைத்துத் தாளம் தவறாமல் ஏறியதை நாமும் பின்பற்றலாம். அந்த ஒளிப்பதிவைப் பார்க்கும்போது முகத்தை விட்டுவிட்டுப் பாதங்களைக் கவனி.

இனிக் குளிரைப் பற்றி. இதை நீ விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று மன்றாடிக் கேட்கிறேன். ஒடவாராவுக்கும் ஹகோனே உச்சிக்கும் 800 மீட்டருக்கும் அதிகமான உயர வேறுபாடு இருப்பதால், காற்றே இல்லாவிட்டாலும் மேலே ஐந்து டிகிரியாவது குறைந்திருக்கும். வியர்வையில் நனைந்த சட்டையின்மேல் காற்றடித்தால் உடல் தன் வெப்பத்தை இழக்கும் வேகம் பல மடங்காகிவிடும். 2013 இல் பலத்த காற்று வீசிய நாளில் ஜோசாய், சூவோ ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்களின் ஐந்தாம் பகுதி ஓட்டக்காரர்களும் பாதியிலேயே நிற்க நேர்ந்தது. முதல் பத்து இடங்களுக்குள் வரும் அணிகளுக்கு அடுத்த ஆண்டுத் தகுதி நேரடியாகக் கிடைக்கும். சூவோ அதை 28 ஆண்டுகள் விடாமல் காத்து வந்தது, அன்று இழந்தது. 2015 இல் கொமசாவா அணி ஒடவாராவில் 46 விநாடி முன்னிலையில் இருந்தது. அவர்களுடைய மலை ஓட்டக்காரரை அவோயாமா கக்குயினின் கமினோ தாய்ச்சி கடந்து போனார். அதன்பின் குளிர் அந்தக் கொமசாவா மாணவரின் உடலை முடக்கிவிட, அவர் மீண்டும் மீண்டும் தரையில் விழுந்தார். எழுந்து, தள்ளாடி, ஏரிக்கரையைத் தொட்டார். மறுநாள் அவருடைய தோழர்கள் ஓடி அணியை இரண்டாவது இடத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்த மாணவரின் உறுதியை நான் மதிக்கிறேன். ஆனாலும் அதை உனக்கு முன்மாதிரியாகக் காட்ட மாட்டேன். ஹகோனேயில் ஒவ்வொரு ஓட்டக்காரருக்குப் பின்னாலும் பயிற்சியாளர் வண்டியில் வருகிறார். அவர் ஓடுகிறவரைத் தொட்டால் அந்த அணியின் ஓட்டம் அத்துடன் முடிந்தது என்பது விதி. நம் பின்னால் அப்படி யாரும் வரமாட்டார்கள். விரல்களை மடக்க முடியாமல் போனாலோ, வாய் குழறினாலோ, நேர்க்கோட்டில் ஓட முடியாமல் உடல் ஒருபுறம் இழுத்தாலோ, அருகில் நிற்கும் போட்டி ஊழியரிடம் போய் நின்றுவிடு. 2013 இல் நின்றுபோன அந்த இரண்டு அணிகளும் மறுநாள் தரவரிசையில் இடமில்லை என்று தெரிந்தே மலையிறங்கி ஓடின. நாமும் அப்படி ஓடிக்கொள்வோம். அதற்காக யாரும் உன்மேல் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். சொன்னால் நான் கேட்டுக்கொள்கிறேன்.

பட்டையைப் பற்றிச் சிறிது. தோளிலிருந்து எதிர்ப்பக்க அக்குளுக்கு வரும்படி அதை அணிந்து, தொங்கும் நுனியைக் கால்சட்டையின் இடுப்புப் பட்டிக்குள் செருகிக்கொள். கைமாற்றும் இடத்துக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது கழற்றி, இரு கைகளிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு வா. எக்கிடென் விதிப்படி கோட்டுக்கு அப்பால் 20 மீட்டருக்குள் அது கைமாற வேண்டும். குளிரில் விரல் மரத்திருந்தால் கழற்றுவதே சிரமமாகும் என்பதால் கையுறையைக் கடைசிவரை கழற்றாதே. நம் போட்டியிலும் நேர வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் அடுத்தவரை நடுவர்கள் மாற்றுப் பட்டையோடு அனுப்பிவிடுவார்கள். ஹகோனேயில் சில விநாடிகளில் அதைத் தவறவிட்டு, ஆளில்லாத கோட்டில் பட்டையைக் கையில் பிடித்தபடி மடிந்து அழுத மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். நமக்கு அந்தக் கவலை வேண்டாம். முதல் பகுதி என்னுடையது, இரண்டாமவரும் நிதானமானவர், உன் கைக்குப் பட்டை வரும்போது வரம்புக்குத் தாராளமான நேரம் இருக்கும்படி பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு.

போட்டிக்கு முந்தைய வாரம் சனிக்கிழமை காலை அந்தச் சாலையில் மெதுவாக ஏறிப்பார்க்கலாம் என்றிருக்கிறேன். நம் தோழியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஏறி முடித்ததும் உன்னால் நிச்சயமாகத் தரமுடிந்த நேரத்தை அவரிடமே சொல்லிவிடு. சற்றுக் கூட்டிச் சொன்னாலும் தவறில்லை. அவர் அதை வைத்துத்தான் எப்போது அங்கியைக் கழற்றுவது என்று முடிவு செய்வார். காற்றுத் தடுக்கும் மெல்லிய மேற்சட்டை உன்னிடம் இல்லையென்றால் என்னுடையதைக் கொண்டுவருகிறேன், அளவு சரியாக இருக்கும். மேலே கடைகள் திறந்திருக்காது; சூடாகக் குடிக்க ஏதாவது குடுவையில் எடுத்து வா.

அன்புடன்,
அண்ணன்