வாசலின் அகலம்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மக்களுக்கு உதவ வேண்டும் என்று நிவாரணப் பணிக்குக் கிளம்பி வந்துவிட்டு, நாள் முழுவதும் கிடங்கில் மூட்டை எண்ணிக்கொண்டும் சுங்க அலுவலகத்தில் கோப்புகளுடன் காத்துக்கொண்டும் இருப்பதற்குத்தானா இவ்வளவு தூரம் வந்தேன் என்று கேட்டிருக்கிறாய். சரக்கு அனுமதி வேலையிலேயே தலை நரைத்தவன் நான். இதற்கு ஆறுதல் சொல்வதைவிடக் கணக்குச் சொல்வது எனக்கு எளிது.

முகாமில் பத்தாயிரம் பேர் இருப்பதாக வைத்துக்கொள். நிவாரணப் பணிக்கான சர்வதேசக் குறைந்தபட்ச அளவுகோலான ஸ்பியர் தரநிலையின்படி ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்றால், அது 150 டன். பத்து டன் லாரி ஒன்று 15 நடை போக வேண்டும். அதே மக்களுக்கு ஆளுக்கு 2,100 கிலோ கலோரி தரும் உலர் உணவோ, அரைக் கிலோ வீதம் பார்த்தால் ஏறக்குறைய 5 டன்தான். அந்த லாரியில் பாதிகூட மிச்சமிருக்கும். அனுபவமுள்ளவர்கள் முதல் விமானத்தில் புட்டித் தண்ணீரை ஏற்றாமல் சுத்திகரிப்புக் கருவியையும் குளோரினையும் மடித்து வைக்கக்கூடிய தொட்டிகளையும் ஏற்றுவதற்கு இந்தக் கணக்கே காரணம். (புகைப்படத்தில் புட்டிகள்தான் நன்றாக விழும் என்பது வேறு விஷயம்.)

நிவாரணம் தடைப்படுவது பொருள் இல்லாமல்தான் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, பொருள் வருகிறது, வாசல்தான் போதுவதில்லை. 2010 ஜனவரியில் ஹெய்ட்டி நிலநடுக்கத்தில் போர்ட்டோ பிரின்ஸ் துறைமுகம் சேதமடைந்து கப்பல்வழி அடைபட்டபோது, உலகம் அனுப்பிய அத்தனையும் ஒரே ஓடுபாதை கொண்ட விமான நிலையத்தின் மேல் வந்து விழுந்தது. இறங்க இடமின்றிச் சில விமானங்கள் பக்கத்து நாட்டுக்குத் திருப்பி விடப்பட்டன. அவற்றில் மருத்துவமனைக்குரிய கருவிகள் இருந்த விமானமும் உண்டு. எது முதலில் இறங்குவது என்பதை யாரோ ஒருவர் தீர்மானித்தாக வேண்டும், அந்தத் தீர்மானம் மருத்துவர் எடுப்பதைப் போலவே உயிர் தொட்டது. உன் மேசையில் இருக்கும் சரக்குப் பட்டியலை அந்தக் கண்ணோடு பார்.

கேட்காமல் வரும் பொருள்தான் அந்த வாசலை முதலில் அடைக்கும். 1988இல் ஆர்மீனிய நிலநடுக்கத்துக்குப் பின் குறைந்தது 5,000 டன் மருந்தும் மருத்துவப் பொருளும் குவிந்தன. அவற்றில் என்ன இருக்கிறது என்று தெளிவாக அறியவே 50 பேருக்கு ஆறு மாதம் ஆயிற்று. வந்ததில் 8 விழுக்காடு காலாவதியாகியிருந்தது, இன்னும் ஒரு பகுதி உறைபனியில் கெட்டுப்போனது, மீதியில் பெரும்பகுதியின் பெயர்ச்சீட்டை அங்குள்ளவர்களால் எளிதாக அடையாளம் காணவே முடியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 1996இல் வெளியிட்ட மருந்து நன்கொடை வழிகாட்டு நெறிகள், வந்து சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மிச்சமிருக்க வேண்டும் என்றும், பெறுபவர் கேட்டதையே அனுப்ப வேண்டும் என்றும் சொல்வது இப்படிப்பட்ட அனுபவங்களால்தான். ஆகவே, நல்ல மனத்தோடு ஒருவர் கம்பளிக் கோட்டுகளை அனுப்ப முன்வரும்போது வேண்டாம் என்று எழுத நீ கூச்சப்படாதே. கிடங்கில் அது பிடிக்கும் இடம் தார்ப்பாய்க்கு உரியது. மறுத்து எழுதும்போது எது தேவை, எத்தனை, எந்த அளவு என்பதையும் சேர்த்து எழுதிவிடு. பலருக்கு அதுவே போதும்.

சுங்கத் தாமதத்தைப் பற்றிக் கோபமாக எழுதியிருந்தாய். பெட்டிக்குள் இருப்பதும் பட்டியலில் இருப்பதும் ஒன்றாக இருந்து, பெறுபவர் பெயர் தெளிவாக இருந்து, வரிவிலக்குக் கடிதம் சரக்குக்கு முன்பே வந்துவிட்டால், பாதிச் சிக்கல் தீர்ந்தது. மீதிக்கு நட்பும் பொறுமையும் வேண்டும், அதைக் கடிதத்தில் கற்றுக்கொடுக்க இயலாது.

லாரி விஷயத்தில் தனியாக அலையாதே. ஒரே வாரத்தில் பத்து அமைப்புகள் அதே லாரிகளுக்குப் போட்டியிட்டால் வாடகைதான் ஏறும், லாரி பெருகாது. 2005இல் ஐ.நா. சீர்திருத்தத்தில் உருவாகி, உலக உணவுத் திட்டம் முன்நின்று நடத்தும் தளவாடக் கூட்டமைப்பு, அமைப்புகளின் போக்குவரத்தையும் கிடங்குகளையும் ஒருங்கிணைக்க, இதற்காகவே இருக்கிறது. அவர்களது கூட்டங்கள் நீளமானவை என்று கேள்விப்படுகிறேன். ஆனாலும் போய் உட்கார். எந்தச் சாலை திறந்திருக்கிறது, யார் கிடங்கில் இடம் இருக்கிறது என்பது அங்குதான் தெரியும்.

நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25இல் பூமி அதிர்வதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்புதான் காட்மாண்டு விமான நிலையத்தில் நிவாரணச் சரக்கு வைப்புத்தளம் திறக்கப்பட்டிருந்தது. இறங்கிய பொருளைப் பிரித்து அடுக்க அங்கே இடம் தயாராக இருந்தது. அதற்கு அப்பால் சாலை இல்லாத மலைக் கிராமங்கள் பலவற்றுக்குச் சுமைதூக்குவோரும் கோவேறு கழுதைகளும்தான் கொண்டு சேர்த்தார்கள். கழுதை சுமக்கும் எடைக்கு மூட்டை கட்டப்படாவிட்டால் விமானம் எவ்வளவு விரைவாக வந்து என்ன பயன்?

உன் வழியில் இரண்டு ஆறுகள் குறுக்கிடுவதாக எழுதியிருந்தாய். மழைக்கு முன் அந்தப் பாலங்கள் எத்தனை டன் தாங்கும் என்று பொதுப்பணிப் பொறியாளரிடம் எழுத்தில் வாங்கிவிட்டாயா? பத்து டன் லாரி போகாது என்றால், சிறிய வண்டிக்கு மாற்றி ஏற்ற ஆற்றின் இக்கரையில் ஓர் இடமும் ஆட்களும் இப்போதே பேசி வைக்க வேண்டியிருக்கும். அடுத்த கடிதத்தில் அதை எழுது.

அன்புடன்,
அப்பா